தேனீக்கும் குருவிக்கும் தீவன நிலம்: குமரி மாவட்டத்தில் எந்தக் கருவியை எப்போது எடுப்பது

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ரப்பர் துளிர்க்கும் தை, மாசிதான் தேன் காலம். அந்தத் தேனை எடுக்க ஐப்பசி, கார்த்திகையிலேயே கூட்டில் ஈ பெருகியிருக்க வேண்டும். பெருகுவதற்கு மகரந்தம் வேண்டும். தென்னம்பாளை ஆண்டு முழுக்க மகரந்தம் கொடுக்கும் என்றாலும் அடைமழையில் அதுவும் நனைந்து வீணாகிறது. அந்த இடைவெளிக்காகத்தான் வீட்டை ஒட்டி ஐந்து, பத்து சென்ட்டில் எள்ளும் சூரியகாந்தியும் பயறும் விதைக்கத் தொடங்கினோம். தேனீக்கு விதைத்ததில் மணி முற்றியதும் சில்லைக் குருவியும் கிளியும் வந்தன. அதன் பிறகு அவற்றுக்கென்று ஒரு ஓரத்தில் தினையும் கம்பும் சேர்த்துக்கொண்டோம். இதைத்தான் தீவன நிலம் என்கிறேன்.

புதிதாக இதைச் செய்யவரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் முதலில் கேட்பது, "எந்த மெஷின் வாங்கலாம்?" அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்க வேண்டும். வழி, மண், விதை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால் கருவி தானாக முடிவாகிவிடும். பணம் முழுவதையும் உழும் கருவியில் போட்டுவிட்டு, விதையை மூடி அமுக்க ஒரு பலகைகூட இல்லாமல் நிற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

1. யாருக்கு விதைக்கிறோம், எங்கே விதைக்கக் கூடாது

அமெரிக்காவில் மானுக்காகத் தீவன நிலம் போடுகிறார்கள். நாலு சக்கர பைக்கின் பின்னால் சட்டிக்கலப்பையும் உருளையும் கட்டி இழுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம்மூரிலும் சிலர் கிளம்புகிறார்கள். அங்கே செய்கிற வேலையின் வரிசை நமக்கும் பொருந்தும்: களையை அடக்கு, மண்ணை இளக்கு, விதையைத் தூவு, அமுக்கு. விருந்தாளிதான் வேறு. நாம் தேனீ, வண்ணத்துப்பூச்சி, சிறு குருவிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறை போன்ற காட்டோரங்களில் தானியமோ பயறோ விதைத்தால் முதலில் வருவது காட்டுப்பன்றி. உங்கள் தினையைத் தின்றுவிட்டு அது திரும்பிப் போகாது, பக்கத்து விளையில் மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) தோண்டும். அப்புறம் அயல்வாசியோடு வழக்குத்தான். காட்டை ஒட்டி நிலம் இருந்தால் தானியத்தை விட்டுவிட்டுத் துளசி, கேந்தி போன்ற பூச்செடிகளோடு நில்லுங்கள். காப்புக்காட்டுக்குள் போய் நிலத்தைக் கொத்துவது குற்றம். நல்ல எண்ணத்தில் செய்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

தென்னந்தோப்பில் போடுவதாக இருந்தால் மரத்தின் வயதைப் பாருங்கள். ஏழு வயதுக்குட்பட்ட தோப்பிலும், இருபது தாண்டி உயர்ந்த தோப்பிலும் வெயில் தரையில் விழும். இடைப்பட்ட வயதில் நிழல் அதிகம். எள்ளும் சூரியகாந்தியும் அங்கே நூல் போல நீண்டு சாயும், பூக்காது. முற்றிய ரப்பருக்குக் கீழே எதையும் முயல வேண்டாம்.

2. நிலத்துக்கு முன்னால் வழியை அளந்துகொள்ளுங்கள்

இது என் சொந்த அனுபவம். முதல் தடவை பன்னிரண்டு சென்ட் விளைக்கு ஒரு மினி டிராக்டரை வாடகைக்கு வரச்சொன்னேன். இரண்டு கய்யாலைகளுக்கு, அதாவது எல்லைச் சுவர்களுக்கு, நடுவே போகும் ஊடுவழி அது. ஓட்டி வந்தவர் முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, இதுக்குள்ள இது போவாதுல்லா" என்றார். வந்துபோன வாடகையைக் கொடுத்தனுப்பிவிட்டு மம்பட்டியை எடுத்தேன்.

ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு போய் இவற்றை அளந்து எழுதுங்கள்: வழியில் மிகக் குறுகிய இடத்தின் அகலம், கேட்டின் அகலம், தாழ்ந்து கிடக்கும் மின்கம்பி அல்லது கிளையின் உயரம், நிலத்தின் நான்கு பக்கம், தட்டுகள் இருந்தால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள உயர வேறுபாடு. நம் மேற்குத் தாலுகாக்களில் நிலம் தட்டுத் தட்டாகத்தான் கிடக்கிறது. நடந்தபடி ஓட்டும் சிறு உழவு இயந்திரமான பவர் வீடரைப் பலகை வைத்து இரண்டு பேர் மேலே ஏற்றிவிடலாம். அதைவிடக் கனமான பவர் டில்லரை அப்படி ஏற்ற முடியாது.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 20 அடிக்கு 22 அடி கயிறு கட்டினால் ஏறக்குறைய ஒரு சென்ட். இப்படி ஒரு சென்ட்டை நாலு குச்சி அடித்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். விதைக்கும்போது இது மறுபடி தேவைப்படும்.

தென்னைக்கு இடையில் என்றால் இன்னொரு கணக்கு. 25 அடி இடைவெளியில், அதாவது 7.5 மீட்டரில் நட்ட தோப்பில், ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 1.8 மீட்டர் ஆரத்துக்குப் பாத்தி. உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு பக்கமும் அதை விட்டால் நடுவில் மிஞ்சுவது 3.9 மீட்டர். அந்தப் பட்டையில் மட்டும்தான் இயந்திரம் ஓடலாம். மரத்தடி வரை சுழல்கலப்பையான ரோட்டவேட்டரை ஓட்டினால் வேர் அறுபடும். அடுத்த சில மாதங்களில் குரும்பை கொட்டும்போது காரணம் தெரியாமல் நிற்போம்.

3. மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நம் மாவட்டத்தில் ஒரே மண் கிடையாது. மேற்கே செம்மண்ணும் சரளும். ஆழமாகப் போனால் வெட்டுக்கல். கடற்கரையோரம் மணல். வயல்வெளியான ஏலாவில் களி. கருவி இதைப் பொறுத்துத்தான் மாறும்.

ஒரு மண்வெட்டியும் வாளியும் போதும். பத்துப் பதினைந்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்திலிருந்து சீவிய மண்ணை வாளியில் சேருங்கள். கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோவில் நிறுத்துங்கள். எருக்குழி, வரப்பு, மரத்தடி ஆகிய இடங்களில் எடுக்க வேண்டாம், கணக்கைக் கெடுத்துவிடும். பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்று வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டால் சொல்வார்கள். மழை அதிகம் பெய்யும் நம் செம்மண் பெரும்பாலும் புளித்த மண், அதாவது அமில மண். எவ்வளவு சுண்ணாம்பு போடுவது என்பதை முடிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுண்ணாம்பு மண்ணோடு கலக்க வேண்டும் என்பதால் இந்த வேலை உழவுக்கு முன்னால் முடிய வேண்டும். முடிவு வராமலே உழுதுவிட்டு, பிறகு சுண்ணாம்பு போட மறுபடியும் டில்லர் வாடகை கொடுத்தவர்கள் உண்டு.

அந்த 'வி' குழி வெட்டும்போதே இன்னொன்றும் தெரிந்துவிடும். மண்வெட்டி எத்தனை இடத்தில் கல்லில் 'டங்' என்றது? பதினைந்தில் ஐந்தாறு இடம் என்றால் பவர் வீடரின் கத்தி தாங்காது. கொத்துக்கலப்பையோ கைவேலையோதான்.

4. விதையை முதலில் வாங்குங்கள், கருவியைப் பிறகு

இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம். விதையின் பருமன் தெரியாமல் விதைக்கும் கருவியைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் அது விழ வேண்டும் என்பது பொது அளவு. எள்ளுக்கு ஒன்றரை செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. தினை, கம்புக்கு இரண்டு. சூரியகாந்திக்கும் தட்டைப்பயறுக்கும் மூன்று வரை போகலாம். எள் ஏக்கருக்கு 2 கிலோ, அதாவது சென்ட்டுக்கு 20 கிராம்தான். கம்பும் அப்படியே. தட்டைப்பயறு சென்ட்டுக்கு 80 முதல் 100 கிராம். ஒரு கைப்பிடி எள்ளை எடுத்துத் தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டு சென்ட்டுக்கு அது போதும் என்று தெரிந்தால் வீசும் கை தானாக அடங்கும்.

பூக்கும் நாளும் ஒன்றுபோல் இருக்காது. எள் 35 முதல் 40 நாளில் பூக்கும். தட்டைப்பயறு 40 நாளைத் தாண்டி. சூரியகாந்தி 55 நாள் வரை ஆகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தாலும், ஒரே பயிரைப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு பாதியாக விதைத்தாலும் பூக்காலம் நீளும். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். அதற்கு இரண்டாம் விதைப்பன்று உழவு இயந்திரம் வராது என்பதை நினைவில் வையுங்கள். கையில் ஒரு சிறு கருவி சொந்தமாக இருந்தாக வேண்டும்.

விதைப் பொட்டலத்தில் சிவப்போ பச்சையோ நீலமோ சாயம் பூசியிருந்தால் அது பூச்சிமருந்து ஏற்றிய விதையாக இருக்கலாம். வீரிய ஒட்டுச் சூரியகாந்தியில் இது சாதாரணம். தேனீக்கும் குருவிக்கும் என்று போடும் நிலத்தில் அதை வைக்கக் கூடாது. மேலே கிடக்கும் விதையைப் புறா பொறுக்கும், செடிக்குள் ஏறும் மருந்து பூவுக்கும் போகும். மருந்தேற்றாத விதையைக் கேட்டு வாங்கி, வேண்டுமானால் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்ளுங்கள்.

5. வெட்டி வெளியாக்கும் கருவி

ஐந்து சென்ட் வரை வெட்டுக்கத்தியும் அரிவாளும் போதும். அதற்கு மேல் பிரஷ் கட்டர். புல்லுக்கு நைலான் நூல், உண்ணிச்செடி மாதிரி கட்டைச் செடிக்கு உலோகக் கத்தி. ஒன்றுக்கு மற்றது உதவாது. இளம் தென்னை, வாழை அருகே நைலான் நூலும் தோலை உரித்துவிடும். அங்கே ஒரு அடி விட்டு மீதியைக் கையால் அறுங்கள்.

கல் தெறிக்கும். கண்ணாடி, கனத்த செருப்பு, நீளக் கால்சட்டை இல்லாமல் தொடாதீர்கள். பதினைந்து மீட்டருக்குள் ஆள் வரக் கூடாது. டூ ஸ்ட்ரோக் இயந்திரமாக இருந்தால் பெட்ரோலில் எண்ணெய் எவ்வளவு கலப்பது என்று அதன் புத்தகத்தைப் பாருங்கள், கடைக்காரர் வாய்க்கணக்கைக் கேட்க வேண்டாம்.

வெட்டிய குப்பையை அப்படியே விட்டு டில்லர் ஓட்டுவது பெரிய தவறு. கத்தியில் சுற்றிக்கொள்ளும். இரண்டு நாள் காயவிட்டு வாரிக்கொண்டு போய் ஓரத்தில் குவியுங்கள். குவியலைக் கையால் கிளற வேண்டாம், கோலால் தட்டிவிட்டு எடுங்கள். பாம்பு இல்லாத விளை நம் பக்கம் எது?

6. உழும் கருவி

இங்கேதான் எல்லோரும் தேவைக்கு மேல் போகிறார்கள். நமக்கு வேண்டியது மேல் 10 செ.மீ. மண் இளகுவது மட்டும்தான். எள்ளுக்கும் தினைக்கும் அதற்கு மேல் கிளறினால் கீழே உறங்கிக் கிடந்த களைவிதையை மேலே கொண்டுவருகிறோம், அவ்வளவே.

மூன்று சென்ட் வரை: மம்பட்டி, கூடவே மண் கிளறும் ஒரு முட்கரண்டி. இளகிய செம்மண்ணில் ஒரு ஆள் ஒரு நாளில் மூன்று நாலு சென்ட் கொத்துவார். சரளில் அதில் பாதி. பாரை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லை நெம்ப.

நாலு முதல் இருபது சென்ட் வரை: பவர் வீடர். ஐந்து முதல் ஏழு குதிரைத்திறன் பெட்ரோல் இயந்திரம் போதும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 செ.மீ. அகலம், மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை என்றால் 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். திரும்புவது, மேலே மேலே ஓட்டுவது, கல்லில் நிற்பது எல்லாம் போக உண்மையில் பன்னிரண்டு பதின்மூன்று சென்ட் வரும். பத்து சென்ட் நிலத்துக்கு அரை நாள் வாடகையே தாராளம். வாங்குவதற்கு முன்னால் கைப்பிடி உயரம் உங்களுக்கு ஒத்துவருகிறதா, கத்தித் தொகுதியைக் கழற்றி அகலத்தைக் குறைக்க முடியுமா, பின்னால் எடுக்கும் கியர் இருக்கிறதா என்று பாருங்கள். பின் கியர் இல்லாத இயந்திரத்தைக் கய்யாலை ஓரத்தில் இழுத்துத் திருப்பினால் முதுகு போய்விடும்.

ஏலா ஓரத்துக் களி மண், அல்லது இருபது சென்ட்டுக்கு மேல்: பவர் டில்லர். பன்னிரண்டு, பதின்மூன்று குதிரைத்திறன் டீசல். கன்னிப்பூ, கும்பப்பூ நெல்லுக்குச் சேறடிக்க ஏலாக்களில் இது ஏற்கெனவே ஓடுகிறது. ஆனால் நெல்லுக்கு உழவு நடக்கும் அந்த வாரங்களில் உங்கள் பத்து சென்ட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். அதற்கு முன்னாலோ பின்னாலோ நாள் பேசிவையுங்கள். சரிவில் இதைக் குறுக்கேதான் ஓட்ட வேண்டும். மேலிருந்து கீழே ஓட்டினால் முதல் மழையிலேயே அந்தச் சாலில் மேல்மண் ஓடைக்குப் போகும். சரிவு அதிகமானால் டில்லரே வேண்டாம், புரண்டுவிடும்.

அரை ஏக்கருக்கு மேல், வழியும் இருந்தால்: டிராக்டரும் கொத்துக்கலப்பையும். சட்டிக்கலப்பை தேவையில்லை. அது கீழ்மண்ணைப் புரட்டி மேலே போட்டுவிடும். சரள் மண்ணில் கீழே இருப்பது கல்தான்.

கடற்கரை மணலுக்கு உழவே வேண்டாம். களையை வெட்டி, வாரியால் கீறினால் போதும். மணலை ரோட்டவேட்டரால் கிளறியவர்கள் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

எப்போது உழுவது? ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்குங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டை உடையாமல் பிசுபிசுத்தால் ஈரம் அதிகம். அப்போது ஓட்டினால் கட்டியாகி, காய்ந்ததும் செங்கல். உருண்டையே ஆகாமல் பொடியானால் ஈரம் போதாது, ஒரு மழைக்குப் பொறுங்கள்.

ரோட்டவேட்டரை இரண்டு தடவைக்கு மேல் ஓட்ட வேண்டாம். மாவு போல ஆக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஒரு கனமழை போதும், செம்மண் மேலே ஓடு கட்டிவிடும். எள்ளின் முளைக்கு அந்த ஓட்டை உடைக்கும் வலு கிடையாது. கொஞ்சம் சிறு கட்டி இருக்கட்டும். தேய்ந்த கத்தி இன்னொரு தொந்தரவு. அது வெட்டாது, அடித்தளத்தை மெழுகிக்கொண்டே போகும். வாடகை இயந்திரம் வந்ததும் முதலில் குனிந்து கத்தியைப் பாருங்கள். ஓட்டுநர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

7. களையை முளைக்கவிட்டு வெட்டுங்கள்

உழுத அன்றே விதைக்கக் கூடாது. தண்ணீர் விட்டோ மழையை நம்பியோ பத்து முதல் பதினான்கு நாள் பொறுத்தால் மேலே இருக்கும் களைவிதை முளைத்துவிடும். அதை மூன்று செ.மீ. ஆழத்துக்குள் மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். களைக்கொத்தியோ, ஒற்றைச் சக்கரம் வைத்துத் தள்ளும் களைவெட்டியோ போதும். இந்த நேரத்தில் மறுபடி டில்லரைக் கூப்பிட்டால் பட்ட பாடெல்லாம் வீண், அடுத்த அடுக்குக் களை மேலே வரும். களைக்கொல்லி அடிக்கலாமே என்பார்கள். தேனீப் பெட்டியை ஒட்டி அந்தப் பேச்சே வேண்டாம்.

சொந்தமாக ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அந்தத் தள்ளு களைவெட்டியை வாங்குங்கள். பதினைந்து நாள் கழித்து இரண்டாம் பாதியை விதைக்கும்போதும் அதுதான் கைகொடுக்கும்.

8. விதைக்கும் கருவி

பத்து சென்ட்டுக்குக் கைதான் கருவி. எள்ளையும் கம்பையும் நாலு மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவச் சொல்வார்கள். சென்ட்டுக்கு 20 கிராம் என்பது மிகச் சின்ன அளவு என்பதால் நான் அரைக் கிலோ மணல் வரை சேர்க்கிறேன். மணல் வெளுப்பாக இருப்பதால் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று செம்மண்ணில் தெரியும். அதுவே பாதி லாபம். ஒரு சென்ட்டுக்கு உரியதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காகவும் மற்றதை வடக்கு தெற்காகவும் வீசுங்கள். முன்பு குச்சி அடித்த அந்த ஒரு சென்ட்டில் முதலில் செய்து பார்த்துவிட்டு மீதிக்குப் போங்கள்.

கழுத்தில் மாட்டிக் கையால் சுற்றும் விதை தூவி கால் ஏக்கருக்கு மேல் உதவும். கலப்பு விதையை அதில் போடாதீர்கள். கனமான விதை தூரப் போய் விழும், சின்ன விதை அடியில் தங்கும். கடைசியில் நிலம் பட்டை பட்டையாக முளைக்கும். விதைக்கு விதை தனித்தனியாகத் தூவுங்கள், அல்லது பட்டை பிரித்து நடுங்கள்.

சூரியகாந்தியையும் தட்டைப்பயறையும் தூவக் கூடாது, ஊன்ற வேண்டும். சூரியகாந்திக்கு 45 செ.மீ. இடைவெளியில் வரிசை, வரிசைக்குள் 30 செ.மீ. கயிற்றில் 30 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்டு இரண்டு குச்சியில் கட்டினால் அதுவே அளவுகோல். குனிய முடியாதவர்களுக்கு நின்றபடி குத்தி விதை போடும் கருவி கடையில் இருக்கிறது. அரை அங்குலக் குழாய் ஒன்றைச் சாய்வாகச் சீவி, குத்திய குழியில் குழாய் வழியே விதை விட்டாலும் அதே வேலைதான். வரிசையில் தள்ளிக்கொண்டு போகும் ஒற்றை வரிசை விதைப்பான் சமமான மண்ணில் அருமையாக ஓடும். சரளில் சக்கரம் துள்ளி, விதை ஒரு இடத்தில் ஐந்து, அடுத்த இடத்தில் சூனியம்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கணவாய்க் காற்றில் எள் நிற்காது. விடிந்ததும், காற்று எழும்புவதற்குள் முடியுங்கள். மணலை லேசாக ஈரமாக்கிக்கொண்டால் நேராக விழும். சூரியகாந்தியை அங்கே காற்றை வாங்கும் ஓரத்தில் வைக்காமல் கம்புக்குப் பின்னால் வையுங்கள், சாயாது.

எந்த மாதம்? இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. கோடை மழை விழுந்து ஈரம் இருக்கும் சித்திரையிலும், தென்மேற்குப் பருவமழை தணிந்த ஆவணி கடைசி, புரட்டாசியிலும் விதைக்கிறேன். இரண்டாவதுதான் தேனீக்கு முக்கியம், கூடு பெருகும் நேரத்தில் பூ வரும். தண்ணீர் தேங்கினால் எள் அழுகும். தாழ்ந்த இடத்தில் அரை அடி மேட்டுப்பாத்தி போட்டு விதையுங்கள்.

9. மூடுவதும் அமுக்குவதும்

ஒரு தடவை எள்ளைத் தூவிவிட்டு, மூட வேண்டுமே என்று பவர் வீடரை மேலோட்டமாக ஒரு ஓட்டு ஓட்டினேன். மேலோட்டம் என்று நினைத்தது நான்தான். விதை நாலு அங்குல ஆழத்துக்குப் போய்விட்டது. பத்து நாள் கழித்து ஓரத்தில், வீடர் எட்டாத இடத்தில் மட்டும் பச்சையாக ஒரு கோடு. நடுவில் மொட்டை.

மூடுவதற்கு இயந்திரம் வேண்டாம். காய்ந்த முள் கிளையையோ மூங்கில் கிளையையோ கட்டி இழுத்தால் ஒரு செ.மீ. அளவுக்கு மண் புரண்டு விதை மறையும். தென்னை ஈர்க்கு வாரியலால் கோதினாலும் போதும். ஊன்றிய விதைக்கு இதுகூட வேண்டாம், குதிகாலால் மூடலாம்.

பிறகு அமுக்க வேண்டும். இதை விடுகிறவர்கள்தான் அதிகம். இளகிய மண்ணில் விதையைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும். விதை ஈரத்தை மண்ணிலிருந்துதான் உறிஞ்ச முடியும், மண் தொட்டால்தான் உறிஞ்சும். ஈரத்தை உறிஞ்சாமல் மேலே கிடக்கும் ஒவ்வொரு நாளும் எறும்புக்கும் புறாவுக்கும் லாபம். எறும்பு வரிசையாக எள்ளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றவன் நான்.

பரம்புப் பலகை இருந்தால் ஒரு ஆளை மேலே நிற்க வைத்து இழுங்கள். இல்லையென்றால் விழுந்து கிடக்கும் தென்னந்தடியில் ஒரு மீட்டர் துண்டு அறுத்து, இரண்டு முனையிலும் நடுவில் கம்பி அடித்துக் கயிறு கட்டினால் அதுவே உருளை. நம் ஊரில் இதற்குக் காசு செலவில்லை. பெரிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி உருட்டலாமே என்று ஒருவர் கேட்டார். 200 லிட்டர் என்றால் 200 கிலோ, இழுக்க முடியாது, மண்ணும் இறுகிவிடும். கால்வாசி நிரப்பினால் போதும்.

போதுமா என்று பார்க்க மேலே நடந்து பாருங்கள். குதிகால் தடம் ஒரு செ.மீ. பதிந்தால் சரி. மூன்று செ.மீ. பதிந்தால் இன்னொரு முறை உருட்டுங்கள். தடமே விழவில்லையா? அது விதைப்பதற்கு முன்னாலேயே இறுகிப்போன மண். அங்கே முளைக்கும் என்று நம்ப வேண்டாம். களி மண்ணில் மட்டும் ஈரம் இருக்கும்போது உருட்டக் கூடாது, உருளையில் ஒட்டிக்கொண்டு விதையோடு எழுந்து வரும்.

10. தண்ணீர்

முதல் பத்து நாளுக்குப் பூவாளி. குழாயை நேராகப் பிடித்தால் எள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிப்போகும். பெரிய துளியில் அடிக்கும் தெளிப்பான் செம்மண்ணில் ஓடு கட்டவைக்கும். தென்னோலையை ஒற்றைப் பின்னலாக மேலே பரப்பினால் மழைத்துளி வேகம் குறையும், குருவியும் கிளறாது. முளை தெரிந்த அன்றே மாலையில் ஓலையை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தள்ளினால் முளை வெளுத்து நீண்டுவிடும்.

பூச்சிமருந்து ஒரு தடவையாவது அடித்த தெளிப்பானை இந்த நிலத்துக்குள் கொண்டுவராதீர்கள், எத்தனை முறை கழுவியிருந்தாலும் சரி. அயல்வாசி வாழைக்கு மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டால், அன்று மாலை வரை பெட்டியின் வாசலை மறைக்கலாம்.

11. எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்

ஆண்டுக்கு ஒரு நாள் ஓடும் இயந்திரத்தை யாரும் வாங்க வேண்டாம். பவர் டில்லர், டிராக்டர், ரோட்டவேட்டர் மூன்றும் வாடகைக்கு. வேளாண்மைப் பொறியியல் துறையில் மணிக்கணக்கு வாடகை உண்டு, உழவன் செயலியிலும் முன்பதிவு செய்யலாம். தனியாரிடம் பேசினால் மணிக்கணக்கா, நாள்கணக்கா, டீசல் யாருடையது, வந்துபோகும் கூலி தனியா என்று முன்னாலேயே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் வந்துபோகும் கூலி பங்காகும்.

பவர் வீடர் வாங்குவதென்றால் மானியம் இருக்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் சதவீதம். உச்சவரம்பு உண்டு. விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகு வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லைக் கொண்டுபோய்க் காட்டினால் ஒன்றும் நடக்காது. எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், கத்தியும் பெல்ட்டும் உங்கள் டவுனிலேயே கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தக்கலையில் கிடைக்காத பெல்ட்டுக்காகத் திருநெல்வேலி வரை போய்வந்தால் விதைக்கும் ஈரம் அதற்குள் காய்ந்துவிடும்.

சொந்தமாக இருக்க வேண்டியவை: மம்பட்டி, வெட்டுக்கத்தி, தள்ளு களைவெட்டி, முடிச்சுக் கயிறு, கிராம் காட்டும் தராசு, பூவாளி, தென்னந்தடி உருளை. இவற்றில் கடையில் வாங்குவது நாலைந்துதான்.

வேலை முடிந்த அன்றே கத்தியில் ஒட்டிய மண்ணைக் கழுவித் துடைத்து, பழைய எண்ணெய் தடவி வையுங்கள். நம் ஊர் உப்புக் காற்றுக்கும் மழைக்கும் ஒரு வாரம் போதும், துரு ஏறிவிடும். பவர் வீடரை அடுத்த பருவம் வரை நிறுத்துவதாக இருந்தால் டாங்கில் பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டர் காலியாகி இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த புரட்டாசியில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலிக்கும்.